கம்பெனி ஃபயர்வாலுக்குள் ஓப்பன் சோர்ஸ் வெப் கருவிகளை நிறுவ ஐந்து வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

பிரவுசரில் நோட் (நோட்.ஜேஎஸ்) தளம் திறக்கிறது. டெர்மினலில் அதன் பேக்கேஜ் நிறுவியான என்பிஎம்மை அழைத்து, என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் மட்டும் அசையாமல் நிற்கிறது; கொஞ்ச நேரம் கழித்து இணைப்புப் பிழை என்றோ சான்றிதழ் பிழை என்றோ பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. அலுவலக நெட்வொர்க்குக்குள் நோட், பைத்தான், பிஎச்பி என்று எதை நிறுவப் போனாலும் பலர் வந்து நிற்கும் இடம் இது. இங்கிருந்து ஐந்து பாதைகள் பிரிகின்றன. பிராக்ஸி (வெளியே போகும் இணைப்புகளை நடுவில் நின்று வாங்கி அனுப்பும் சர்வர்) அமைப்புகளை நம் கணினியில் நாமே சரிசெய்துகொள்ளலாம். தேவையான தளங்களை ஃபயர்வாலில் திறந்துவிடச் சொல்லலாம். நெட்வொர்க்குக்குள்ளேயே ஒரு மிரர், அதாவது பேக்கேஜ்களின் பிரதியைத் தரும் சர்வர், வைக்கலாம். வெளியே இறக்கி, மொத்தமாகக் கட்டி உள்ளே கொண்டுவரலாம். அல்லது டெவலப்மென்ட் வேலையையே வெளியே உள்ள ஒரு கணினிக்கு மாற்றிவிடலாம்.

"இதில் எது சுலபம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்றைக்குச் சுலபமாக இருப்பது அடுத்த வருஷமும் சுலபமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறுவும்போது உங்கள் கருவி மொத்தம் எத்தனை சர்வர்களைத் தேடிப் போகிறது என்று பார்க்காமல் எந்த வழியை எடுத்தாலும் பாதியில் நிற்க வேண்டிவரும். பெரும்பாலான நிறுவல்கள் முதல் சர்வரில் மாட்டுவதில்லை, இரண்டாவதில்தான் மாட்டுகின்றன.

## முதலில், தடுப்பது எது என்று பாருங்கள்

"ஃபயர்வால் தடுக்கிறது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நான்கு வேறு வேறு தடைகள் அந்தப் பெயரில் நிற்கின்றன.

இணைப்பு நேரம் கடந்து தானாக அறுந்துபோனால், வெளியே நேரடிப் பாதை இல்லை, எல்லாம் பிராக்ஸி வழியாகத்தான் போக வேண்டும் என்று அர்த்தம். 407 என்ற எண் வந்தால் பிராக்ஸி கிடைத்துவிட்டது, ஆனால் நீங்கள் யார் என்று அது கேட்கிறது. 403 வந்தாலோ, பேக்கேஜ் வரவேண்டிய இடத்தில் ஒரு எச்டிஎம்எல் பக்கம் வந்து இறங்கினாலோ, அந்தத் தளத்தையோ கோப்பு வகையையோ கொள்கை அளவில் மறுத்திருக்கிறார்கள். நான்காவது சான்றிதழ்ப் பிழை. பலர் குழம்புவது இதில்தான்.

பல நிறுவனங்கள் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் தளங்கள் பயன்படுத்தும் மறையாக்கம்) போக்குவரத்தை நடுவில் பிரித்துப் பார்க்கின்றன. பிராக்ஸி உங்கள் சார்பில் வெளித்தளத்தோடு பேசி, வந்ததைச் சோதித்து, தன் சொந்தச் சான்றிதழால் மறுபடி கையெழுத்திட்டு உங்களிடம் தருகிறது. விண்டோஸில் கம்பெனியின் ரூட் சான்றிதழை ஐடி பிரிவு ஏற்கெனவே போட்டுவைத்திருப்பதால் பிரவுசர் அதை நம்புகிறது. நோட், ஜாவா, பைத்தானின் பல நூலகங்கள் ஆகியவை இயல்பாக இயங்குதளத்தின் நம்பகச் சான்றிதழ் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பட்டியலைக் கையில் வைத்திருக்கிறது. அதில் உங்கள் கம்பெனி பெயர் இல்லை. அதனால்தான் பிரவுசரில் திறக்கும் தளம் டெர்மினலில் திறப்பதில்லை.

இதை உறுதிசெய்ய ஒரு நிமிடம் போதும். கர்ல் (டெர்மினலிலிருந்தே ஒரு முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கருவி) கட்டளையை விரிவான வெளியீட்டோடு என்பிஎம் ரெஜிஸ்ட்ரி (பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியம்) முகவரிக்கு ஓடவிடுங்கள். வரும் வரிகளில் சான்றிதழை வழங்கியவர் யார் என்று ஒரு வரி இருக்கும். அங்கே பொதுச் சான்றிதழ் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக உங்கள் கம்பெனியின் பெயரோ ஏதோ பாதுகாப்புச் சாதனத்தின் பெயரோ இருந்தால், போக்குவரத்து நடுவில் பிரிக்கப்படுகிறது என்பது தெளிவு. அதற்குப் பிறகு யூகம் தேவையில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

எத்தனை சர்வர்கள்? இதுதான் முதல் அளவுகோல், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். பைத்தானின் நிறுவியான பிப், பேக்கேஜ் பட்டியலைப் பைபிஐ தளத்தில் வாங்குகிறது. கோப்புகளை எடுக்க வேறொரு டொமைனுக்குப் போகிறது. பிஎச்பியின் நிறுவியான கம்போஸர் விஷயத்தில் பேக்கஜிஸ்ட் வெறும் விவரப் பட்டியல்தான். உண்மையான ஜிப் கோப்புகள் பெரும்பாலும் கிட்ஹப்பிலிருந்து வருகின்றன. கன்டெய்னர் இமேஜ்களின் களஞ்சியமான டாக்கர் ஹப்பில் அனுமதிச் சீட்டு ஒரு சர்வர், இமேஜ் விவரம் ஒரு சர்வர், லேயர்கள் இருக்கும் சிடிஎன் (கோப்புகளைப் பல இடங்களிலிருந்து தரும் விநியோக நெட்வொர்க்) இன்னொன்று. என்பிஎம்மில் ரெஜிஸ்ட்ரி ஒன்றுதான் என்று நினைத்திருப்போம். ஆனால் நிறுவி முடியும் நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகள் தம் இஷ்டத்துக்குக் கிளம்பும். பிரவுசரை நிரலால் இயக்கும் பப்பட்டியர் ஒரு குரோம் பிரவுசரை இறக்கப் போகும். டெஸ்க்டாப் செயலிகள் கட்டும் எலக்ட்ரான் தன் பைனரியைக் கிட்ஹப்பில் தேடும். சோதனைக் கருவியான சைப்ரஸ் தன் சொந்தத் தளத்துக்குப் போகும். சி++ பகுதியுள்ள பேக்கேஜ் எதுவும் அந்த இடத்திலேயே கம்பைல் ஆக வேண்டியிருந்தால் நோட் தளத்திலிருந்து ஹெடர் கோப்புகளைக் கேட்கும்.

சான்றிதழ்ச் சோதனை உடையாமல் இருக்கிறதா? இதை அணைத்துவிட்டுச் செய்யும் எதுவும் என் கணக்கில் தீர்வே அல்ல. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

யார் ஒப்புக்கொள்ள வேண்டும்? உங்கள் கையில் முடிவதா, ஐடி பிரிவா, பாதுகாப்புக் குழுவா, வாடிக்கையாளரா. தொழில்நுட்பத்தைவிடக் காலத்தை அதிகம் தின்பது இது.

அடுத்த ஆளுக்கும் இது நடக்குமா? புதிதாகச் சேர்பவர், புது லேப்டாப், சிஐ சர்வர் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கணினி). மூன்றிலும் அதே நிறுவல் அதே பலனைத் தர வேண்டும்.

பாதுகாப்புத் திருத்தம் வந்தால் எவ்வளவு நேரத்தில் உள்ளே வரும்? அப்புறம், பராமரிப்பது யார்? இந்த இரண்டையும் முடிவெடுக்கும் நாளில் யாரும் கேட்பதில்லை.

## வழி 1: பிராக்ஸியையும் சான்றிதழையும் நாமே அமைத்துக்கொள்வது

பெரும்பாலானோர் தொடங்குவது இங்கே. ஒரு கணினி, ஒரு ஆள், அவசரம் என்றால் தொடங்க வேண்டியதும் இங்கேதான். யாரிடமும் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. பிராக்ஸி ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் கருவிகளுக்கு அதன் முகவரியைச் சொல்லப்போகிறீர்கள், அவ்வளவுதான்.

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டுக்குமான பிராக்ஸி சூழல் மாறிகளை வைத்தால் பெரும்பாலான கருவிகள் எடுத்துக்கொள்ளும். பெயரைச் சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் இரண்டு விதமாகவும் வையுங்கள். கர்ல் எச்டிடிபிக்கான மாறியைச் சிறிய எழுத்தில் மட்டுமே படிக்கும். வெளியிலிருந்து வரும் ஒரு கோரிக்கைத் தலைப்பு சிஜிஐ (வெப் சர்வர் நிரல்களை ஓட்டும் பழைய முறை) வழியாகப் பெரிய எழுத்து மாறியாக உருமாறிவிடக்கூடும் என்ற பாதுகாப்புக் காரணத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லில் @ இருந்தால் %40 என்றும், # இருந்தால் %23 என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் முகவரி தவறான இடத்தில் உடைந்து, பிழைச் செய்தி சம்பந்தமில்லாத எதையோ சொல்லும்.

பிராக்ஸி என்டிஎல்எம் அல்லது கெர்பரோஸ் முறையில் அடையாளம் கேட்டால் பல கருவிகளுக்கு அந்த மொழி தெரியாது. அப்போது சிஎன்டிஎல்எம், பிஎக்ஸ் போன்ற சிறு உள்ளூர் பிராக்ஸியை உங்கள் கணினியில் ஓடவிட்டு, மற்ற கருவிகளை அதன் பக்கம் திருப்பலாம். இரண்டும் இயல்பாக 3128 போர்ட்டில் கேட்கும். விண்டோஸில் பிஎக்ஸ் நீங்கள் லாகின் செய்த அடையாளத்தையே பயன்படுத்துவதால் கடவுச்சொல்லை எங்கும் எழுதிவைக்க வேண்டாம். கம்பெனி அனுமதித்தால் இதுவே நல்லது.

சான்றிதழுக்கு வருவோம். ஐடி பிரிவிடம் ரூட் சான்றிதழைப் பெம் வடிவில் கேட்டு வாங்குங்கள். நோட்டுக்கு, கூடுதல் சான்றிதழ்களின் கோப்பைக் காட்ட 'நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_செர்ட்ஸ்' (NODE_EXTRA_CA_CERTS) என்ற சூழல் மாறி இருக்கிறது. கோப்பின் பாதை தவறாக இருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் வந்துவிட்டு வேலை தொடரும். அதைக் கவனிக்காமல் "மாறியை வைத்தும் வேலை செய்யவில்லை" என்று சுற்றுபவர்கள் நிறைய. நோட் 22.15-லிருந்து இயங்குதளத்தின் சான்றிதழ்களையே நம்பச் சொல்லும் தேர்வும் வந்துவிட்டது. பிப் 24.2 முதல், பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால், இயங்குதளப் பட்டியலைத் தானாகவே பார்க்கிறது. விண்டோஸில் கிட்டை (மூலநிரல் பதிப்புகளைக் காக்கும் கருவி) எஸ்சேனல் (விண்டோஸின் சொந்த டிஎல்எஸ் நூலகம்) பின்தளத்துக்கு மாற்றினால் அதுவும் அப்படியே.

ஒரு நுணுக்கம் இங்கே முக்கியம். நோட்டின் மேற்சொன்ன மாறி இருக்கும் பட்டியலோடு சேர்க்கிறது. என்பிஎம்மின் சிஏ-கோப்பு அமைப்பும், பைத்தான் ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் சிஏ மாறியும் இருக்கும் பட்டியலை மாற்றிவிடுகின்றன. கம்பெனி சான்றிதழை மட்டும் அதில் வைத்தால், பிராக்ஸி பிரிக்காமல் விட்டுவைக்கும் தளங்கள் அத்தனையும் பிழை தரத் தொடங்கும். பொதுப் பட்டியலையும் கம்பெனி சான்றிதழையும் ஒரே கோப்பில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு சிதறலில் இருக்கிறது. என்பிஎம்முக்கு ஒரு இடம், கிட்டுக்கு ஒரு இடம், பிப்புக்கு ஒரு இடம். டாக்கரில் கிளையன்ட் அமைப்பு போதாது, பின்னணியில் ஓடும் டீமனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்; இமேஜ் கட்டும்போது உள்ளே ஓடும் கட்டளைகளுக்கு இன்னொரு முறை. லினக்ஸில் சூடோ (அட்மின் உரிமையில் கட்டளையை ஓட்டுவது) போட்டவுடன் சூழல் மாறிகள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். டபிள்யூஎஸ்எல் என்ற லினக்ஸ் சூழல் விண்டோஸுக்குள்ளேயே இருந்தாலும் விண்டோஸின் சான்றிதழ்கள் அதற்குள் வருவதில்லை. பிராக்ஸி கூடாத முகவரிகளின் பட்டியலைச் சில கருவிகள் ஐபி வரம்பாக ஏற்கும், சில ஏற்காது. கடவுச்சொல் காலாவதியாகும் நாளில் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். பழைய கடவுச்சொல்லோடு பின்னணிக் கருவிகள் திரும்பத் திரும்ப முயன்று கணக்கே பூட்டப்படுவதும் உண்டு.

தனியாக வேலை செய்பவர், சின்னக் குழு, சோதனைக்காக ஒரு கருவியைப் போட்டுப் பார்ப்பவர் ஆகியோருக்கு இதுவே போதும். சிஐ சர்வர் என்று ஒன்று வந்துவிட்டால் போதாது.

## வழி 2: ஃபயர்வாலில் தளங்களைத் திறந்துவிடுவது

கேட்கும்போது எளிமையாகத் தெரியும்: "இந்த நாலு தளங்களைத் திறந்துவிடுங்கள்." முதல் அளவுகோலைப் பாருங்கள், நாலில் நிற்காது. பட்டியல் கொடுத்து, ஒப்புதல் வாங்கி, திறந்து, ஓட்டிப் பார்த்தால் அடுத்த சர்வரில் நிற்கும். மறுபடி ஒரு டிக்கெட், மறுபடி காத்திருப்பு. ஒரே நிறுவலுக்கு இப்படிப் பலமுறை போனால் பாதுகாப்புக் குழுவுக்கும் பொறுமை போய்விடும், அது நியாயமும்கூட.

ஆகவே பட்டியலை முழுமையாக எடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். தடையில்லாத ஒரு கணினியில், கேச் எல்லாம் காலி செய்துவிட்டு, உங்கள் புராஜெக்டை அடிமட்டத்திலிருந்து நிறுவுங்கள். நடுவில் ஒரு பதிவுசெய்யும் பிராக்ஸியை வைத்தால் எந்தெந்தப் பெயர்கள் வருகின்றன என்பது வரிசையாக விழும். திசைதிருப்பல்களும் அதில் தெரியும். கிட்ஹப் வெளியீட்டுக் கோப்பைக் கேட்டால் அது வேறொரு டொமைனுக்கு அனுப்பிவைக்கும் என்பதெல்லாம் தலையில் நினைவு வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

ஐபி எண்ணை வைத்துத் திறக்கக் கேட்காதீர்கள். இந்தத் தளங்கள் எல்லாம் சிடிஎன் பின்னால் இருக்கின்றன, எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். டொமைன் பெயரை வைத்துத்தான் விதி எழுத வேண்டும். பழைய கிட் நெறிமுறைக்கான 9418 போர்ட்டைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். கிட்ஹப் 2022 மார்ச்சிலேயே அதை நிறுத்திவிட்டது, எச்டிடிபிஎஸ் போதும். எஸ்எஸ்எச் வேண்டும், 22 போர்ட் கிடைக்காது என்றால் கிட்ஹப் அதை 443 போர்ட்டிலும் தனி முகவரியில் தருகிறது.

பாதுகாப்புக் குழுவின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். பைபிஐயைத் திறந்தால் கோப்பு உள்ளே வரும், அவ்வளவுதான். கிட்ஹப்பைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் கம்பெனி மூலநிரலைத் தன் சொந்தக் கணக்குக்கு வெளியே தள்ளவும் முடியும். அவர்கள் மறுப்பது பிடிவாதத்தால் அல்ல. படிக்க மட்டும் அனுமதித்து, எழுதுவதைத் தடுக்கும் விதி எழுத முடியுமா என்று கேளுங்கள். போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் பிராக்ஸியால் அது முடியக்கூடிய காரியம்.

கருவிகள் குறைவு, அவை அடிக்கடி மாறாது, ஐடி பிரிவு வேகமாகப் பதில் சொல்லும் என்றால் இந்த வழி நன்றாக ஓடும். ஃப்ரன்ட்எண்ட் குழுக்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கருவிகள் மாறும் வேகத்துக்கு டிக்கெட் ஓடாது.

## வழி 3: உள்ளேயே ஒரு மிரர்

வெளியே போகும் உரிமை ஒரே ஒரு சர்வருக்கு. மற்ற எல்லாக் கணினிகளும் அந்தச் சர்வரிடம் கேட்கும். அது தன்னிடம் இருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கும். தெருவுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகக் கிணறு தோண்ட வேண்டாம் அல்லவா, அந்த ஏற்பாடுதான்.

என்பிஎம் மட்டும் என்றால் வெர்டாச்சியோ போதும். இலகுவானது, 4873 போர்ட்டில் எழுந்துவிடும். பைத்தானுக்கு டெவ்பிஐ. கம்போஸருக்கு சாட்டிஸ். எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டுமென்றால் நெக்ஸஸ் அல்லது ஆர்ட்டிஃபாக்டரி. நெக்ஸஸின் இலவசப் பதிப்புக்குப் பயன்பாட்டு வரம்புகள் உண்டு, பெரிய குழுவாக இருந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் பலம் நிறுவல் வேகத்தைத் தாண்டியது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி பேக்கேஜை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டபோது, அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த ஏராளமான புராஜெக்டுகளின் பில்டுகள் உடைந்தன. உள்ளூர் மிரரில் ஏற்கெனவே பிரதி வைத்திருப்பவருக்கு இப்படிப்பட்ட நாளில் எதுவும் ஆகாது. தீங்கான பதிப்புகள் வெளியாகும் சம்பவங்களிலும் இதே கதைதான்: 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் பேக்கேஜின் கெட்ட பதிப்புகள் சில மணி நேரத்தில் அடையாளம் காணப்பட்டன. புதிதாக வெளியான எதையும் சில நாள் தள்ளிவைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன் என்று ஒரு விதி மிரரில் இருந்தால் அந்த மணி நேரங்கள் உங்களைத் தொடுவதில்லை. தனித்தனி லேப்டாப்பில் இந்தக் கட்டுப்பாட்டை நம்பகமாக வைக்க முடியாது.

ஆனால் மிரரைத் தவறாக அமைத்தால் அதுவே ஓட்டை. அலெக்ஸ் பிர்சன் என்ற ஆய்வாளர் 2021 பிப்ரவரியில் இதை வெளிப்படுத்தினார்: கம்பெனியின் உள் பேக்கேஜ் ஒன்றின் பெயரிலேயே பொது ரெஜிஸ்ட்ரியில் உயர்ந்த பதிப்பு எண்ணோடு ஒன்றைப் போட்டுவைத்தால், பல அமைப்புகள் பொதுவில் இருப்பதையே எடுத்துக்கொள்கின்றன. முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவருடைய சோதனை நிரல் ஓடியது. பிப்பில் கூடுதல் இன்டெக்ஸ் (பேக்கேஜ் பட்டியல் இருக்கும் இடம்) என்று இரண்டாவது முகவரியைச் சேர்ப்பதுதான் பொதுவான காரணம். பிப் இரண்டையும் சமமாகப் பார்த்து, பெரிய எண் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். இதற்குத் தீர்வு: ஒரே இன்டெக்ஸ் முகவரி, அது உங்கள் மிரர், உள் பெயர்களைப் பொதுவில் தேடவே கூடாது என்று அதில் ஒரு விதி. என்பிஎம்மில் உள் பேக்கேஜ்களுக்கு ஸ்கோப் பெயர் (@ குறியோடு தொடங்கும் முன்னொட்டு) வைத்து, அந்த ஸ்கோப்பை உள் முகவரியோடு கட்டிவிடுங்கள்.

நிறுவிய பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் கோப்பையும் கவனியுங்கள். என்பிஎம்மின் லாக் கோப்பில் ஒவ்வொரு பேக்கேஜும் எங்கிருந்து வந்தது என்ற முகவரி பதிவாகும். பொது ரெஜிஸ்ட்ரி முகவரி அதில் இருந்தால் இன்றைய என்பிஎம் அதை உங்கள் மிரர் முகவரியாகத் தானே மாற்றிக்கொள்ளும். தலைகீழாக, மிரர் முகவரியோடு பதிவான கோப்பை வெளியே இருக்கும் ஒருவர் எடுத்தால் அது அவருக்கு எட்டாத சர்வரைத் தேடும். என்பிஎம்முக்கு மாற்றான யார்ன் 1, லாக் கோப்பில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றும். உள்ளேயும் வெளியேயும் ஆட்கள் வேலை செய்யும் குழுவில் இது அடிக்கடி வரும் சண்டை.

அப்புறம், அந்த இரண்டாவது சர்வர். மிரர் வைத்ததும் பேக்கேஜ்கள் வரும். பிரவுசர் பைனரிகள் வராது. எலக்ட்ரானுக்கு மிரர் மாறி, பிரவுசர் சோதனைக் கருவியான பிளேரைட்டுக்கு இறக்கும் சர்வரைச் சொல்லும் மாறி, பப்பட்டியருக்கு இறக்காதே என்று சொல்லும் மாறி எல்லாம் இருக்கின்றன. பைனரிகளை மிரரின் பொதுக் கோப்புப் பகுதியில் வைத்து, இந்த மாறிகளை அங்கே திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் "மிரர் வேலை செய்யவில்லை" என்று கைவிட்ட குழுக்கள் உண்டு.

செலவு: டிஸ்க் நிரம்பும், மென்பொருளை மேம்படுத்த வேண்டும், பேக்கப் வேண்டும், விழுந்தால் எல்லோருடைய வேலையும் நிற்கும். பெயர் சொல்லி ஒருவரை இதற்குப் பொறுப்பாக்க முடியாவிட்டால் ஆரம்பிக்காதீர்கள்.

## வழி 4: வெளியே கட்டி, உள்ளே கொண்டுவருவது

இணையமே இல்லாத நெட்வொர்க்கில் வேறு பேச்சே கிடையாது. மற்ற இடங்களிலும் ஒருமுறை நிறுவிவிட்டு நீண்ட நாள் தொடாமல் விடும் சர்வருக்கு இது நல்ல வழி.

பிப்பில் பேக்கேஜ்களை ஒரு கோப்புறைக்கு இறக்கும் கட்டளை இருக்கிறது. உள்ளே, இன்டெக்ஸைப் பார்க்காதே, இந்தக் கோப்புறையை மட்டும் பார் என்று சொல்லி நிறுவலாம். யார்ன் 1-இல் ஆஃப்லைன் மிரர் வசதி உண்டு. டாக்கர் இமேஜை ஒரே டார் கோப்பாகச் சேமித்து மறுபக்கம் ஏற்றலாம். விஎஸ் கோட் நீட்டிப்புகளைத் தனிக் கோப்பாகக் கொண்டுபோய் நிறுவலாம்.

தவறு நடப்பது எப்போதும் ஒரே இடத்தில்: கட்டும் கணினியும் ஓடும் கணினியும் வேறு வேறு. விண்டோஸில் நிறுவிய நோட்-மாட்யூல்ஸ் கோப்புறையை ஜிப் செய்து லினக்ஸ் சர்வரில் விரித்தால், இஎஸ்பில்ட், ஷார்ப் போன்றவை உடனே விழும்; அவை இயங்குதளத்துக்கு ஏற்ற பைனரியை நிறுவும்போதே தேர்ந்தெடுத்துவிட்டன. அல்பைன் லினக்ஸும் டெபியனும்கூட இந்த விஷயத்தில் ஒன்றல்ல, அடிப்படை சி நூலகமே வேறு. பிப்பில் இலக்கு இயங்குதளத்தையும் பைத்தான் பதிப்பையும் சொல்லி, வீல் கோப்புகள் (முன்பே கட்டிய பேக்கேஜ்கள்) மட்டும் போதும் என்று இறக்கலாம். இலக்கோடு ஒத்த ஒரு கன்டெய்னருக்குள் கட்டுவதே இன்னும் நிம்மதி. கட்டியதன் ஹேஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்றது) வேறு வழியாக அனுப்பி, உள்ளே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறைந்த செலவு காலம் போகப் போகத்தான் தெரியும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இறக்கு, சோதி, கொண்டுபோ, ஒப்பிடு என்று முழுச் சுற்றும் போக வேண்டும். சிரமமாக இருப்பதால் தள்ளிப்போடுவார்கள், ஓட்டையுள்ள பழைய பதிப்பு அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். தேதி குறித்த புதுப்பிப்பு அட்டவணை இல்லாமல் இந்த வழியை எடுக்க வேண்டாம்.

## வழி 5: வேலையையே வெளியே வைப்பது

கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் போன்ற மேகக் கணினியிலோ, கம்பெனியே தனியாக ஒதுக்கிய நெட்வொர்க்கில் ஒரு விர்ச்சுவல் டெஸ்க்டாப்பிலோ எல்லாவற்றையும் நிறுவி, லேப்டாப்பிலிருந்து அதைப் பார்த்து வேலை செய்வது. நிறுவல் பிரச்சினை கிட்டத்தட்ட மறைந்துவிடும். அட்மின் உரிமை இல்லாத பூட்டிய லேப்டாப் என்றால் இதன் அருமை இன்னும் தெரியும்.

பதிலுக்கு இரண்டைக் கொடுக்கிறீர்கள். மூலநிரல் வெளியே போகிறது. வாடிக்கையாளரோடான ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று சட்டப் பிரிவுதான் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் டேட்டாபேஸும் ஏபிஐகளும் அங்கிருந்து எட்டாது. போலித் தரவை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பது புராஜெக்டைப் பொறுத்தது. மணிக்கணக்கில் கட்டணம் என்பதால் அணைக்காமல் விட்ட கணினிகளும் பில்லில் வந்து நிற்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிராக்ஸி | தளம் திறப்பு | மிரர் | கட்டிக் கொண்டுபோதல் | வெளியே வேலை |
|---|---|---|---|---|---|
| தொடங்கும் வேகம் | உடனே | ஒப்புதலைப் பொறுத்து | சில நாள் முதல் சில வாரம் | நடுத்தரம் | ஒப்பந்தம் அனுமதித்தால் வேகம் |
| இரண்டாவது சர்வர் சிக்கல் | பிராக்ஸி கொள்கை விட்டால் இல்லை | மிக அதிகம் | பைனரிக்கு மட்டும் | கட்டும்போதே தீரும் | இல்லை |
| புது ஆள், சிஐ | ஒவ்வொன்றுக்கும் தனி | நன்று | மிக நன்று | சுமார் | நன்று |
| திருத்தம் வரும் வேகம் | உடனே | உடனே | உடனே, வேண்டுமானால் தாமதித்து | மெதுவாக | உடனே |
| தொடர் பராமரிப்பு | ஒவ்வொருவரும் | ஃபயர்வால் குழு | ஒரு பொறுப்பாளர் | கட்டுபவர் | சேவை தருபவர் |

## எந்த வழியிலும் செய்யக் கூடாதவை

என்பிஎம்மில் ஸ்டிரிக்ட்-எஸ்எஸ்எல்லை அணைப்பது, பிப்பில் நம்பிக்கைத் தளம் என்று சேர்ப்பது, கிட்டில் எஸ்எஸ்எல் சரிபார்ப்பை நிறுத்துவது, நோட்டில் சான்றிதழ் மறுப்பைச் சுழியாக்குவது. தேடினால் முதலில் கிடைக்கும் பதில்கள் இவைதான், "வேலை செய்கிறது" என்பதும் உண்மை. நிறுவும் நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு உங்கள் கணக்கின் முழு உரிமையும் இருக்கிறது. அனுப்புவது யார் என்றே பார்க்காமல் அந்த நிரலை ஓடவிடுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, ஒருமுறை அணைத்தால் அது அமைப்புக் கோப்பில் தங்கிவிடும். அதே லேப்டாப்பைக் கம்பெனிக்கு வெளியே பொது வைஃபையில் திறக்கும்போதும் அணைந்தே இருக்கும். பதினைந்து நிமிடம் செலவழித்துச் சான்றிதழைச் சரியாக வைத்தால் இது எதுவும் தேவையில்லை.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கம்பெனி கணினியை இணைத்து நிறுவிக்கொள்வதும் பரவலான பழக்கம். பல இடங்களில் இது வேலைக்கே உலை வைக்கும் விதிமீறல். அதைவிட, அன்றைக்கு வேலை நடந்துவிடுவதால் உண்மையான தடை பதிவாகாமலே போகிறது. அடுத்து வருபவரும் அதே இடத்தில் நிற்பார்.

## எந்தச் சூழலுக்கு எது

தனி ஆள், ஒரு லேப்டாப்: வழி 1. சான்றிதழைச் சரியாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிஎச்பி அல்லது பைத்தானில் நிலையான ஒரு புராஜெக்ட், கருவிகள் அதிகம் மாறாது: வழி 2, முழுப் பட்டியலோடு.

ஐந்தாறு பேருக்கு மேல், சிஐ உண்டு, ஃப்ரன்ட்எண்ட் வேலை அதிகம்: வழி 3. தயக்கம் வேண்டாம். வழி 1-இல் சில மாதம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில் இங்கேதான் வரப்போகிறீர்கள், அந்த மாதங்களை மிச்சப்படுத்துங்கள்.

இணையமே இல்லாத நெட்வொர்க்: வழி 4. அங்கேயும் கொண்டுபோன கோப்புகளை உள்ளே ஒரு சிறிய மிரரில் ஏற்றிவைத்தால் டெவலப்பர்களுக்கு வழக்கமான கட்டளைகளே வேலை செய்யும். மூன்றும் நான்கும் சேர்ந்த இந்தக் கலவை பலருக்கும் தோன்றுவதில்லை.

குறுகிய காலப் பயிற்சி, முன்மாதிரி, ரகசியம் இல்லாத நிரல், பூட்டிய லேப்டாப்: வழி 5.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஐடி பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதத்தான் போகிறீர்கள். "டெவலப்மென்டுக்கு இன்டர்நெட் வேண்டும்" என்று எழுதினால் நிராகரிப்பார்கள். டொமைன் பெயர்கள், போர்ட் 443, உள்ளே வரும் போக்குவரத்து மட்டுமா வெளியேயும் போகுமா, எந்தக் கணினிகளிலிருந்து, எந்தக் கருவி எதற்காக அந்தத் தளத்தைக் கேட்கிறது, கேட்டது கிடைக்காவிட்டால் எந்த வேலை நிற்கும் என்று வரிவரியாக எழுதுங்கள். கர்லில் பார்த்த அந்தச் சான்றிதழ் வரியையும், 407 அல்லது 403 வந்த நேரத்தையும் சேர்த்து ஒட்டுங்கள். அந்த நேரத்தைக் குறித்திருந்தால் அவர்களுடைய பதிவேட்டில் அதே வரியைத் தேடி எடுத்துவிடுவார்கள், எந்த விதி தடுத்தது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.